ஆட்சேபணை எழுப்பிய ஆம்ப்ளிஃபயர்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பொருளைத் திறந்து பார்க்காமல் இருப்பதற்கு ஒரு தனி அறிவு வேண்டும். அதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தருவதில்லை. திறந்து பார்ப்பதற்குத்தான் பாடம் நடத்துகிறார்கள். நான் அப்படி ஒரு பாடத்தைத் தபாலில் படித்தேன். மாதம் ஒரு புத்தகம் வரும், மொத்தம் பன்னிரண்டு. ஏழாவது புத்தகம் வந்தபோதே என்னை ரேடியோ இன்ஜினியர் என்று நானே நியமனம் செய்துகொண்டேன். (மீதி ஐந்து புத்தகங்களில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. பின்னால் நடந்ததைப் பார்த்தால், தெரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே அவற்றில்தான் இருந்திருக்கிறது.)

எழுபதுகளின் கடைசி. ஆம்பூர். எனக்கு இருபத்திரண்டு வயது. வேலை இல்லை, ஆனால் சொந்தமாக ஒரு சால்டரிங் அயர்ன் இருந்தது. அப்பா தோல் பதனிடும் டேனரி ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க். தொழிலாளிகள் வருகிற நேரம், போகிற நேரம் எழுதுவதும், ஷிஃப்டு மாறும்போது சங்கு ஊத வைப்பதும் அவர் வேலை. ஊரில் பாதிப் பேர் அந்தச் சங்குக்குத்தான் எழுந்தார்கள், சாப்பிட்டார்கள், வீட்டுக்குப் போனார்கள். அப்பாவுக்குக் கடவுளுக்கு அடுத்தபடி அந்தச் சங்கின் மேல்தான் நம்பிக்கை.

அக்கா கிரேஸ் நர்ஸ். இருபத்தெட்டு வயது. அந்தக் காலத்துக் கணக்கில் அது, பார்க்கிறவர்கள் எல்லாரும் அம்மாவிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிற வயது. மூன்று வரன்கள் வந்து தட்டிப் போயிருந்தன. ஒருவருக்கு நர்ஸ் வேலையின் நைட் டியூட்டி பிடிக்கவில்லை. இன்னொருவருக்கு அக்காவின் உயரம் பிடிக்கவில்லை. மூன்றாவது தட்டிப் போனதற்கும், பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மேலே நான் மாட்டிய டேபிள் ஃபேன் விழுந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான்காவதாக வந்தவர் ஜெயசீலன். காட்பாடி. நல்ல வேலை, நல்ல குணம், அக்காவைவிட இரண்டு அங்குலம் உயரம். குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருடைய அப்பாவைத் தவிர. அவர் தேவநேசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது, எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பைபிள் வசனப் பலகையில் ஒற்றுப்பிழை இருப்பதாகச் சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒழுங்கு முக்கியம். ஒழுங்கு இல்லாத குடும்பத்துல நான் சம்பந்தம் வச்சிக்க மாட்டேன்" என்று காபி ஆறும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்னைப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளையின் தாய்மாமன் சாலமோனும் வந்திருந்தார். ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். ஆனால் அவர் தன்னை யாரிடமும் அப்படி அறிமுகம் செய்துகொண்டதில்லை. "ஸ்டீல் கிதார் சாலமோன்" என்றுதான் சொல்வார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில் ஸ்டீல் கிதார் வாசித்தால் அது ஒரு தனி கௌரவம். கிதாரைப் படுக்க வைத்து, இரும்புக் கட்டையை நரம்பின் மேல் இழுத்து வாசிப்பார்கள். கீர்த்தனையாக இருந்தாலும் சரி, பிறந்தநாள் பாட்டாக இருந்தாலும் சரி, கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் கொசு சத்தம்தான் வரும்.

மாமாவின் ஆம்ப்ளிஃபயர், யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது. வால்வு செட். ட்ரங்குப் பெட்டி சைஸ், அதைவிட ஜாஸ்தி கனம். நிச்சயத்துக்கு வாசித்து முடித்ததும் அவர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"பத்து நாள்ல கல்யாணம். இத தூக்கிக்கினு ரயில் ஏறி, மறுபடி தூக்கிக்கினு வர்றது பேஜாரு. இங்கியே இருக்கட்டுமே" என்றார் அப்பாவிடம்.

"தாராளமா இருக்கட்டும்" என்றார் அப்பா.

"சும்மா ஆம்ப்ளி இல்ல இது. என் சம்சாரம் வர்றதுக்கு முன்னாடியே வூட்டுக்கு வந்தது. யாரும் தொடாம பாத்துக்கோங்க."

அப்பா அதை பீரோவுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு புதுப் பெட்ஷீட் போட்டு மூடினார். மாப்பிள்ளை வீட்டுச் சாமான் அல்லவா. எனக்கு அந்த வீட்டில் அப்படியொரு பெட்ஷீட் கிடைத்ததில்லை.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா வாசிக்கும்போது ஒன்றைக் கவனித்திருந்தேன். பாட்டுக்கு அடியில் 'உம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழு புத்தகம் படித்தவனால் அதைப் பொறுக்க முடியுமா? இரைச்சலை ஒழித்து, அக்கா கல்யாணத்தில் மாமாவை அசத்தி, தலைமையாசிரியர் வாயால் "பையன் கெட்டிக்காரன்" என்று சொல்ல வைப்பது என்று முடிவு செய்தேன். என்னுடைய உபகாரம் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதை நான் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா நைட் டியூட்டி முடிந்து காலையில் வந்தாள். நான் பெட்ஷீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"எட்வின், அதத் தொடாத" என்றாள்.

"நான் ஏன் தொடப் போறேன்?"

"கையில ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்க."

"இது சும்மா."

"இந்தக் கல்யாணம் நடக்கணும்டா எனக்கு" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டாள். கொஞ்சமாவது மூளை உள்ளவன் அந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்திருப்பான். நான் அவள் தூங்கும் வரை காத்திருந்தேன்.

பின்பக்கத்துப் பலகையைக் கழற்றியதும் எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழாவது புத்தகத்தில் ஒரு கிதார் ஆம்ப்ளிஃபயரின் வரைபடம் இருந்தது. (இதே ஆம்ப்ளிஃபயர் இல்லை. அது போல ஒன்று. இரண்டுமே பெட்டி என்கிற அளவில் ஒற்றுமை இருந்தது.) அதற்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டவில்லை. யாரோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள்.

எது கம்பெனி வேலை, எது பிறகு மாற்றியது என்று கண்டுபிடிப்பதற்குப் புத்தகத்தில் ஒரு வழி சொல்லியிருந்தது. கம்பெனியில் பற்ற வைத்த ஈயம் சின்னதாக, மங்கலாக இருக்கும். கம்பி, ஆணியில் ஒழுங்காகச் சுற்றியிருக்கும். மெக்கானிக் பற்ற வைத்தது பளபளவென்று கட்டியாகத் தொங்கும். நான் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, பள்ளி நோட்டு ஒன்றில் 'குற்றங்கள்' என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தேன். வால்வு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு டயோடு. மூன்று கண்டென்சர் வேறு கம்பெனி. அதில் ஒன்று, ஆடாமல் இருக்கத் தோல் வாரால் கட்டப்பட்டிருந்தது. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் ரப்பருக்குப் பதிலாகத் தோல் துண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பீக்கருக்குப் போகிற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே வேறு. எங்கேயோ ஒரு ரேடியோவிலிருந்து பிடுங்கியது. அதில் நீல ஒயர் போக வேண்டிய இடத்தில் பழுப்பும், பழுப்பு போக வேண்டிய இடத்தில் நீலமும் பற்ற வைத்திருந்தது!

அந்த ஆச்சரியக்குறியை நோட்டிலும் போட்டேன். இரண்டு தடவை அடிக்கோடும் இட்டேன். கலர் கூடத் தெரியாத ஒரு மெக்கானிக் என்று வாய்விட்டுச் சிரித்ததாக ஞாபகம்.

டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில், தகட்டின் மேல், பென்சிலால் உருதுவில் இரண்டு வரி எழுதியிருந்தது. எங்கள் ஊரில் உருது படிக்கத் தெரிந்தவரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. அடுத்த தெருவில் நின்று கூப்பிட்டால் இருபது பேர் வருவார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அசிங்கமாக இருக்கிறதே என்று பஞ்சில் பெட்ரோல் தொட்டு நன்றாகத் துடைத்துவிட்டேன். தகடு பளிச்சென்று ஆனது.

அடுத்த மூன்று நாட்கள் இம்ப்ரூவ்மென்ட். ('ரிப்பேர்' என்று சொல்ல மாட்டேன். ரிப்பேர் மெக்கானிக் செய்வது. இன்ஜினியர் செய்வது இம்ப்ரூவ்மென்ட்.) கரண்டை வடிகட்டும் கண்டென்சர்கள் சின்னதாக இருந்தன. அதைவிட ஆறு மடங்கு பெரியதாகப் போட்டேன். தோல் வாரையும் தோல் துண்டையும் தூக்கி எறிந்தேன். டேனரிக்காரன் மகனுக்கே தோல் வைத்துக் காட்டுகிறாயா என்று ஒரு கோபம். கடைசியாக, நீலத்தையும் பழுப்பையும் அதனதன் 'சரியான' இடத்துக்கு மாற்றினேன்.

இந்த இரண்டு ஒயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து வெளியே வரும் சத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே அனுப்புவார்கள். அது மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி. சத்தம் எல்லை மீறாமல் இழுத்துப் பிடிக்கும். அந்த இரண்டு ஒயரை இடம் மாற்றிவிட்டால், இழுத்துப் பிடிக்க வேண்டியது பின்னாலிருந்து தார்க்குச்சியால் குத்தி விரட்ட ஆரம்பித்துவிடும். இது ஒன்பதாவது புத்தகத்தில் இருக்கிறதாம்.

சாயங்காலம் சோதனை. கிதாரை மாமா கொண்டுபோய்விட்டதால், என் டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்தேன். இரைச்சல் அறவே இல்லை! சத்தமோ முன்பைவிட இரண்டு மடங்கு. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னாடா இது, காது கிழியுது?"

"இம்ப்ரூவ்மென்ட்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் அப்போது, வீடானாலும் கோயிலானாலும், கரண்ட் என்பது பெயருக்குத்தான். எந்நேரமும் வோல்டேஜ் அவ்வளவு கம்மி. பல்பு எரிகிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு விளக்கு ஏற்ற வேண்டும். அந்த அரைப்பட்டினி கரண்டில் தார்க்குச்சி விழுந்தும் மாடு கொஞ்சம் வேகமாக நடந்ததே தவிர, ஓடவில்லை. அதனால் சத்தம் மட்டும் கூடியது. முழு வோல்டேஜ் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்குக் காரணமே இருக்கவில்லை. நான் முழு வோல்டேஜைப் பார்த்ததே கிடையாது.

கல்யாணம் ஒரு வேலை நாளில். காலை பதினொரு மணிக்கு, டேனரிக்கு அடுத்தாற்போல் இருக்கும் எங்கள் கோயிலில். (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.) அப்பாவுக்காக மேனேஜர் தொழிலாளிகளுக்குப் பன்னிரண்டரை வரை பர்மிஷன் கொடுத்திருந்தார். பன்னிரண்டரைச் சங்கு ஊதும்போது திரும்பிவிட வேண்டும், இல்லையென்றால் அரை நாள் சம்பளம் போய்விடும். அன்று சங்கு ஊதும் பொறுப்பு வாட்ச்மேனுக்கு. அதனால் பெண் வீட்டுப் பக்கம் முழுக்க டேனரி ஆட்கள். நூறு பேருக்கு மேல். போதாக்குறைக்கு, கரண்ட் போனால் டேனரி ஜெனரேட்டரிலிருந்து கோயிலுக்கு லைன் கொடுக்கவும் மேனேஜர் ஏற்பாடு செய்திருந்தார். நல்ல மனிதர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை.

சாலமோன் மாமா வந்து கிதாரை மாட்டினார். நான் பக்கத்திலேயே நின்றேன். அக்கா அரை மணி தாமதமாக அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்ததும் மாமா கட்டையை இழுத்தார். கோயிலே நிறைந்துவிட்டது. இரைச்சல் இல்லாமல், தேன் மாதிரி. மாமா வாசித்துக்கொண்டே ஆச்சரியத்தோடு பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, கிண்ணுனு இருக்கு?" என்றார் மெதுவாக.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் நான் அடக்கமாக இருந்த ஒரே சந்தர்ப்பம் அது. மொத்தம் ஏழு நிமிடம் நீடித்தது.

பாட்டு முடிந்து, ஜெபம் முடிந்து, போதகர் புத்தகத்தைத் திறந்தபோது கரண்ட் போயிற்று. மின்விசிறிகள் நின்றன. யாரும் கவலைப்படவில்லை. போதகர் மைக் இல்லாமலே கல்யாணத்தின் மகிமையைப் பற்றி வாசித்துக்கொண்டு போனார். டேனரிப் பக்கம் ஜெனரேட்டர் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. கோயில் பல்புகள் அவ்வளவு வெளிச்சமாக எரிந்து சபையார் பார்த்ததில்லை. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். முழு வோல்டேஜ்.

வால்வு செட் உடனே பேசாது. சூடேற அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில் போதகர், கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போனவர்கள் எல்லாருக்கும் தெரிந்த அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். இந்த இருவரையும் சேர்த்து வைப்பதில் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இனி எப்போதும் வாய் திறக்கக் கூடாது என்று கேட்கிற இடம். கேட்டுவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா நிற்பார்கள். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அது சடங்கு.

போதகர் கேட்டார். சும்மா நின்றார்.

"ஊ..." என்றது ஆம்ப்ளிஃபயர்.

முதலில் அடித்தொண்டையில். பிறகு வால்வு சூடேறச் சூடேற, "ஊஊஊஊ" என்று மேலே மேலே ஏறி, உச்சியில் போய் நின்று அலறியது. டேனரிச் சங்கேதான். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. அந்தச் சங்கை ஊத வைப்பவரே அப்படித்தான் நினைத்தார் என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

அப்பா மகளை மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொடுப்பதற்காகப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சங்கு கேட்டதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால். இருபது வருஷமாக ஒரு நிமிடம் பிசகாத சங்கு, அதனால் கடிகாரம்தான் தப்பு. அங்கேயே நின்று, கடிகாரத்தின் முள்ளைத் திருகிப் பன்னிரண்டரை வைத்தார். வைத்துவிட்டு, மகளை ஒப்புக்கொடுக்காமலே, விறுவிறுவென்று நடு வழியில் வாசலைப் பார்த்து நடந்தார்.

அவர் நடப்பதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் போய்விட்டது. "டைம் ஆபீஸ்காரரே போறாரு, எழுந்திருடா!" என்று யாரோ சொல்ல, நூறு பேர் எழுந்தார்கள். அரை நாள் பறிபோகும் பயத்தில் ஒரு கூட்டம் டேனரி கேட்டைப் பார்த்து ஓடியது. அன்று லீவு போட்டு வந்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அவர்களுக்குப் பன்னிரண்டரைச் சங்கு என்றால் சாப்பாடு. பின்பக்கம் பிரியாணி தம்மில் இருந்த பந்தலுக்குப் போய், ஒழுங்காக வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆம்பூர்ச் சங்கைப் பற்றி என்ன தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்கள். ஏதோ அலறியது. பெண்ணின் தகப்பன் முதற்கொண்டு பெண் வீட்டார் மொத்தமும் எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

தலைமையாசிரியர் எழுந்து நின்றார்.

"இன்னா நடக்குது இங்க? பொண்ணோட அப்பாவே எழுந்து போறார்னா இன்னா அர்த்தம்? இவ்ளோ பேர் முன்னாடி நம்மள அவமானப்படுத்தறாங்க. ஜெயசீலா, வா, போலாம்!"

அலறல் நிற்கவில்லை. நான் பிளக்கைத் தேடினேன். பிளக் இருந்தால் அல்லவா! ஒயரின் நுனியைச் சீவி, ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியைச் செருகி வைத்திருந்தவன் நானேதான். இழுத்தேன். கையில் ஒரு ஷாக் கொடுத்துவிட்டு ஒயர் வந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால், அலறல் அப்படியே இருக்கிறது! ஆறு மடங்கு பெரிய கண்டென்சர் அல்லவா, அது வயிறு நிறைய கரண்டைச் சேர்த்து வைத்திருந்தது. ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்க, சங்கு நிஜச் சங்கைப் போலவே "ஊஊ... ஊ... உம்ம்" என்று நிதானமாக இறங்கி அடங்கியது. கொஞ்சநஞ்சம் உட்கார்ந்திருந்தவர்களும் அதைக் கேட்டு எழுந்து போனார்கள்.

போதகருக்கு முப்பது வருஷ ஊழியத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்தது அதுதான் முதல் தடவை. பாவம், புத்தகத்தில் அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று போடவில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்து, நடுங்கிய குரலில் கேட்டார்.

"யாரது?"

அக்காவின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று தெளிவாகத் தெரிந்தது. மூன்று வரன் தட்டிப்போய் வந்த நாலாவது. 'இந்தக் கல்யாணம் நடக்கணும்டா எனக்கு' என்று அவள் வாய்விட்டுச் சொன்னதும் என்னிடம்தான். அந்த நிமிடம் செத்துப் போகலாம் என்று இருந்தது. ஆனால் கையில் இருந்த ஒயரில் கரண்ட் இல்லை.

அப்போது அக்கா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளினாள். கல்யாணப் பெண் தலை குனிந்து, கேட்ட கேள்விக்குக் காற்றுக்குக் கூடக் கேட்காமல் பதில் சொல்ல வேண்டிய காலம் அது. வார்டில் நாற்பது நோயாளிகளுக்குக் கேட்கிற குரலில் அக்கா சொன்னாள்.

"யாருமில்ல ஐயா. என் தம்பி. நீங்க படிங்க."

ஜெயசீலன் சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்பு இல்லை. குலுங்கிக் குலுங்கி, கோட்டுப் பூ கீழே விழுகிற சிரிப்பு. அவர் அப்பா நடு வழியில் நின்றபடி, "டேய், வர்றியா இல்லியா?" என்றார்.

"அப்பா, உக்காருங்க" என்றார் ஜெயசீலன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவர் அப்பாவிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். தலைமையாசிரியர் உட்கார்ந்தார். முப்பது வருஷம் மற்றவர்களை உட்காரச் சொல்லியே பழகியவர், தனக்கு யாராவது சொன்னால் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கலாம்.

போதகர் படித்தார். பெண்ணை ஒப்புக்கொடுப்பவர் யார் என்று கேட்கிற இடம் வந்தது. ஒப்புக்கொடுப்பவர் டேனரி கேட்டில் வாட்ச்மேனிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். "சங்கே ஊதலியே சார், இன்னா சொல்றீங்க? கல்யாணம் அதுக்குள்ள முடிஞ்சிதா?" என்று வாட்ச்மேன் கேட்டபோதுதான் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது. போதகர் இரண்டாம் தடவை கேட்கும்போது வாசலில் ஒரு கூட்டம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றது. முன்னால் அப்பா. அங்கிருந்தே கையைத் தூக்கி, "நான்தான்! நான்தான்!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். (பிரியாணிப் பந்தலுக்குப் போனவர்கள் கடைசி வரை வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.)

சாலமோன் மாமா கடைசிப் பாட்டை ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தார். முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. வாசித்து முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "திங்கக்கெழம இத தூக்கிக்கினு வேலூருக்குப் போற. இத எப்பவும் பாக்கற மெக்கானிக் இஸ்மாயில் பாய் கிட்ட குடுத்து, இன்னா பண்ணன்னு உன் வாயாலயே சொல்ற" என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலை.

திங்கட்கிழமை அந்தப் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இஸ்மாயில் பாய் கடை, மூன்று பேர் நின்றால் நான்காவது ஆள் தெருவில் நிற்க வேண்டிய கடை. பின்பலகையைக் கழற்றி உள்ளே ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

"நீலத்தையும் பழுப்பையும் யாரு மாத்தினது?"

"நான்தான் பாய். கலர் மாறி இருந்திச்சு..."

"வேற கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர்பா. அவன் கலர் வேற. நான் தகட்டு மேல பென்சில்ல எழுதி வச்சிருந்தேனே, 'கலர் மாறித்தான் இருக்கும், தொடாதே'ன்னு?"

"அத..." என்றேன்.

"அத?"

"துடைச்சிட்டேன் பாய்."

பாய் கோபப்படவில்லை. நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். இரண்டு நிமிடத்தில் ஒயரை மாற்றினார், கண்டென்சரை மாற்றினார், மேஜைக்குக் கீழே துழாவி ஒரு தோல் துண்டை எடுத்து டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் வெட்டி வைத்தார். ஸ்விட்சைப் போட்டார். "உம்ம்ம்" என்று இரைச்சல் வந்தது. "தோஸ்த், இது இருக்கறது நல்லது. இது இல்லாட்டி இன்னா வரும்னு பாத்துட்டே இல்ல?" என்றார். பிறகு பென்சிலை எடுத்துத் தகட்டின் மேல் மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை தமிழில், பெரிய எழுத்தில். நான் படிக்கிற மாதிரி.

என்னுடைய ரேடியோ இன்ஜினியர் உத்தியோகம் அன்றோடு முடிந்தது. எட்டாவது புத்தகம் வந்தபோது அம்மா தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு நான் ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, எதையும் திறக்காமல் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். இன்றைக்கும் வீட்டில் ஃபியூஸ் போனால் என் மனைவி முதலில் என்னை வேறு அறைக்குப் போகச் சொல்கிறாள், பிறகுதான் எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் செய்கிறாள்.

அக்கா அன்று என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதற்கென்று ஒரு வாரம் கழித்துக் காட்பாடியிலிருந்து நான்கு பக்கக் கடிதம் எழுதினாள். அதை நான் இங்கே வெளியிடப் போவதில்லை. மச்சான் மட்டும் இன்றுவரை அதை விடவில்லை. அவர்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் சரி, குழந்தை அழுதாலும் சரி, ரயில் கூவினாலும் சரி, அவர் பேப்பரிலிருந்து தலை நிமிராமல் "யாரது?" என்பார். உள்ளேயிருந்து அக்கா, "யாருமில்ல, என் தம்பி" என்பாள். தலைமையாசிரியர் கூட, சாவதற்கு இரண்டு மாதம் முன்பு, படுக்கையில் இருந்தபடி இதைச் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும், நான் கதையை ஒழுங்கில்லாமல் சொல்வதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

அக்காவின் மகள் கல்யாணம் காட்பாடியில் நடந்தது. புதுப் போதகர், இளைஞர், எங்களைப் பற்றி எதுவும் தெரியாதவர். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டுவிட்டு, வழக்கம் போலச் சும்மா நின்றார். கோயில் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பெண் வீட்டார் பார்த்தார்கள். கதையை ஏற்கெனவே கேட்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரும் பார்த்தார்கள். முக்காட்டைத் தூக்கிக் கல்யாணப் பெண்ணே பார்த்தாள். விஷயம் விளங்காத போதகரும் எல்லாரும் பார்க்கிற திசையில் பார்த்து, பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். வேறு வழி? மூன்றாவது வரிசையில் நான் எழுந்து நின்று, "எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல ஐயா" என்று சொன்ன பிறகுதான் அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.